என் மூக்கைப் பாருங்கள்

என் மூக்கைப் பாருங்கள், என்பேன்.
முதலில் எல்லோரும் சிரிப்பார்கள்.
தோரா ஃப்ளெட் சிரிக்கவில்லை.
"எவ்வளவு நேரம்?" என்றாள்,
கயிறு எவ்வளவு நீளம் என்று கேட்பவள் போல.

கிர்க்வால் மருத்துவமனை, ஜன்னலில்லாத அறை.
மாதத்தில் இரண்டு நாள்
அபர்டீனிலிருந்து பெட்டியோடு வந்து இறங்குகிறேன்.
இந்தத் தீவுகளில் இந்த நோய் அதிகம்.
ஏனென்று கேட்பவர்களுக்கு
நான் கருவிக்காரன், என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

வடதீவுப் படகில் பத்தொன்பது வருடம்
கயிறு வீசியவள் இவள்.
போன ஜனவரியில் விழுந்தாள்.
"கடலில் இல்லை," என்றாள். "கான்கிரீட்டில்."
இரண்டாம் முறையும் சொன்னாள்: "கான்கிரீட்டில்."

இரு கையாலும் தலையைப் பிடிக்கிறேன்.
அந்நியர் முகத்தை இப்படிப் பிடிக்க
உலகில் அதிகம் காரணங்கள் இல்லை.
முடியில் டீசல் வாசனை.
சொல்லாமல், சட்டென்று, வலப்பக்கம் ஒரு வெட்டு.
கண்கள் என் மூக்கிலேயே. நல்லது.
இடப்பக்கம்.
நழுவின.
பிறகு ஒரே தாவலில் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டன,
தப்பு செய்து பிடிபட்ட பிள்ளைகள் மாதிரி.

தலை ஒரு பக்கம் போனால் கண் மறுபக்கம் போகவேண்டும்,
யாரும் ஏவாமல், நூறில் ஒரு நொடிக்குள்.
நடந்துகொண்டே கடைப் பலகையை வாசிக்கிறோமே,
அதனால்தான்.
கெட்டுப்போன பிறகுதான் அதற்குப் பெயர் கேட்கிறார்கள்.

என் விரலோடு வாருங்கள், என்றேன்.
வலக்கண் ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.
இடக்கண் பாதி வழியில்.
பலகையைத் தூக்கிய பிறகு
படகைப் பிடிக்க ஓடி வருகிறவனைப் போல, என்று விளக்கினேன்.
"அவனுக்காக நான் நிறுத்தமாட்டேன்," என்றாள்.
அப்போதுதான் சிரித்தாள்.

காதில் டக், டக், டக்.
தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள்.
ஒவ்வொரு டக்குக்கும் கழுத்துத் தசை
அவளுக்கே தெரியாமல் ஒரு துளி தளரும்.
பதின்மூன்றாம் மில்லிநொடியில் வரவேண்டிய அலை
பதினெட்டில் வருகிறது.
ஐந்து.
ஓர் இமைப்புக்குள் இப்படி அறுபது ஐந்துகள் அடங்கும்.
திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.
"இவ்வளவுதானா?" என்றாள்.
அது ஆறுதலா கோபமா, எனக்குப் பிடிபடவில்லை.

கடைசியாக வெந்நீர்.
கண்களைக் கறுப்புக் கண்ணாடியால் மூடி
காதுக்குள் நாற்பத்து நான்கு டிகிரி.
அறை சுழலத் தொடங்கும்; பயப்படாதீர்கள்;
மனசு மட்டும் சும்மா இருக்கக்கூடாது,
எதையாவது பெயர் சொல்லிக்கொண்டே இருங்கள்.
சிலர் பந்தாட்டக் குழுக்களைச் சொல்வார்கள்.
ஒருவர், கடன் கொடுத்தவர்களை.
இவள் தீவுகளைச் சொன்னாள்:
ஷேப்பின்சே. ஸ்ட்ரான்சே. சாண்டே.
வெஸ்ட்ரே. பாப்பா வெஸ்ட்ரே.
திரையில் கண்கள் துடிக்கின்றன,
மெல்லப் போய் வெடுக்கென்று திரும்புகின்றன.
கட்டிலின் விளிம்பை ஒரு கை பிடித்திருக்கிறது.
மறுபடி முதலிலிருந்து.
ஷேப்பின்சே. ஸ்ட்ரான்சே. சாண்டே.

என் பயணச்சீட்டின் பின்புறம் வரைபடம் இருந்தது.
ஒன்று குறைந்தது.
என் படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

காதைத் துடைத்துக்கொண்டே அவளே கேட்டாள்:
"ஈடேயை விட்டுட்டேன், இல்லையா?"
ஆமாம்.
"அந்தத் துறையில்தான்."

பஞ்சு மெத்தையில், கால்களைச் சேர்த்து, கண்ணை மூடி.
பின்னால் நிற்கிறேன்,
கைகள் அவள் தோளுக்கு அரை முழம் தள்ளி, தொடாமல்.
எட்டு. ஒன்பது.
"ஆடுவது நானா, தரையா?"
நீங்கள்தான்.
"தரை என்று சொல்லியிருக்கலாம்."
பதினான்காம் நொடியில் என் கைகளில் சாய்ந்தாள்,
நினைத்ததைவிடக் கனமாக.

பதினான்கு என்று எழுதப் பேனாவை எடுத்தேன்.
"அது கணக்கில்லை," என்றாள்
பூட்ஸைக் கழற்றிக்கொண்டே.
வெறுங்காலோடு மெத்தையில் ஏறினாள்.
விதிப்படி ஒரு முறைதான்.

கடிகாரத்தைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன்.